சாலமோனுக்கு ஏறெடுத்த ஜெபம்

மனரம்மியபுரத்துக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நாற்பது பேர் வந்தால், புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு நானூறு பேர் வருவார்கள். ஊரில் கைக்குழந்தையைச் சேர்த்து எண்ணினாலே இருநூற்றுப் பத்துத் தலைதானே என்று குறுக்குக் கேள்வி கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். மீதிப் பேர் வெளியூர். தாமிரபரணி வாய்க்கால் ஓரமாக ஸ்ரீவைகுண்டத்துக்குப் போகிற பாரவண்டிகள், புதன்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் கோயில் வாசலுக்கு வந்ததும் தவறாமல் அச்சு முறியும். உள்ளே கடைசி ஆமென் சொன்னதும் முறிந்த அச்சு தானாகக் கூடிக்கொள்ளும்.

இத்தனை பக்தி அந்த ஊருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அது பக்தியே இல்லை. சுவிசேஷமுத்துவும் சாலமோனும் ஜெபம் பண்ணுவதைக் கேட்க வந்த கூட்டம்.

சுவிசேஷமுத்துவுக்கு வயது ஐம்பது. வாழை விவசாயத்தில் பேர்போனவர், சபையில் மூப்பர். குரலென்றால் குரல், அவர் அல்லேலூயா சொன்னால் ஆற்றுக்கு அக்கரையில் மேய்கிற எருமைகள் தலைநிமிர்ந்து பார்க்கும். சாலமோன் அவருடைய ஒரே தங்கை யூனிசைக் கட்டியவர். அவரும் மூப்பர்தான். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஆனால் பேசவேண்டிய விஷயங்கள் நாளொன்றுக்கு நூறு இருந்தன. வாய்க்கால் ஒன்று, வேலி ஒன்று, சொந்தம் ஒன்று. பேசாமல் எப்படிப் பிழைப்பது? ஆகையால் ஜெபத்தில் பேசிக்கொண்டார்கள்.

புதன்கிழமைக் கூட்டத்தில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்குகிற வழக்கம். சுவிசேஷமுத்துவின் முறை வரும். முழங்காலில் நின்று, கண்ணை இறுக மூடி ஆரம்பிப்பார்:

"சர்வவல்லமையுள்ள ஆண்டவரே, ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தியை ஆசீர்வதியும். சீனா தேசத்து மிஷனரிமாரைக் காத்தருளும். அதோடகூட, நேற்று மத்தியானம் தன் ஆட்டுக்கிடாயை அவிழ்த்துவிட்டு அடுத்தவனுடைய அகத்தியைத் தின்னவிட்ட சகோதரன் ஒருவன் வலதுபக்கம் மூன்றாவது தூணோரம் முழங்காலில் இருக்கிறான். பேரைச் சொல்லமாட்டேன், நீர் அறிவீர். அவனுக்கு உணர்வுள்ள இருதயத்தைத் தாரும்."

சபை மூச்சுவிடாமல் காத்திருக்கும். மூன்றாவது தூணோரத்திலிருந்து சாலமோனின் மெல்லிய குரல் எழும்பும்:

"இரக்கமுள்ள பிதாவே, ஆட்டுக்குப் பத்துக் கட்டளை தெரியாது என்பதை நீர் அறிவீர். வேலி கட்டத் துப்பில்லாதவர்களுக்கு முதலில் நாலு முள்ளுக்கட்டைக் கட்டளையிடும்."

"ஆமென்!" என்று சபை ஒரே குரலில் முழங்கும். அவ்வளவு மனப்பூர்வமான ஆமென் பாளையங்கோட்டைப் பெரிய கோயிலில்கூடக் கேட்டிருக்காது. உபதேசியார் வேதநாயகம் ஐயா மட்டும், ஊர்ச் சபையைப் பார்த்துக்கொள்ளவேண்டிய மனுஷனாயிற்றே, தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சண்டை மட்டுமா? சாலமோனின் மூத்த மகளுக்குச் சம்பந்தம் கூடினபோது, "ஆண்டவரே, வைகாசி பத்தாம் தேதி கலியாணம் என்பதைப் பெண்ணின் தாய்மாமனுக்கு உணர்த்தியருளும்" என்று ஜெபத்தில்தான் அழைப்பு வந்தது. தாய்மாமன் கலியாணத்துக்குப் போனார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றைக்கு மட்டும் அந்தக் கதையைக் கேட்டு ஊரில் யாரும் சிரிக்கவில்லை.

இந்த ஜெபங்களைக் கேட்க வெளியாள் ஒருவரும் உண்டு. வாய்க்கால் மடையைத் திறந்து அடைக்கிற பலவேசம். அவர் கிறிஸ்தவர் இல்லை, கோயிலுக்குள் வரமாட்டார். புதன் தவறாமல் வெளியே ஜன்னலடியில் வெற்றிலையை மென்றுகொண்டு குந்தியிருப்பார். "என்ன வே இங்கன?" என்று கேட்டால், "சும்மா காத்தாட" என்பார். ஒரு தரம் வேதநாயகம் ஐயாவிடம் சொன்னார்: "உங்க சாமிக்கு ரொம்பப் பொறுமை வே. எங்க சுடலைன்னா இந்நேரம் ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு அறை குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கும்."

சண்டை தொடங்கினது ஒரு வாழைத்தாரில்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அறுப்பின் பண்டிகைக்குச் சுவிசேஷமுத்து காணிக்கையாக ஒரு தார் கொண்டுவந்தார். நாலு ஆள் தூக்கி, வழியில் இரண்டு தரம் தோள் மாற்றி வந்த தார். ஒவ்வொரு காயும் பச்சைப்பிள்ளையின் தொடைக்குச் சமானம். கோயில் முற்றத்தில் காணிக்கைப் பொருளெல்லாம் ஏலம் போனது. தாரைத் தூக்கி நிறுத்தினதும் சனம் வாயைப் பிளந்தது. அப்போது சாலமோன் கூட்டத்திலிருந்து சொன்னார்: "தார் மச்சானோடது. தண்ணி என்னோடது."

சபை சிரித்தது. கைக்குழந்தை சிரித்தது. குருவானவர், ஊர் வழக்கில் ஐயர், முகத்தைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டார், புத்தகம் குலுங்கினது. சுவிசேஷமுத்து தோள்துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவருடைய வாசலிலிருந்து தங்கை வீட்டு வாசலுக்கு எழுபத்திரண்டு தப்படி. அன்றைக்குப் பிறகு அந்த எழுபத்திரண்டை அவர் நடக்கவில்லை. தாயில்லாமல் தம் இடுப்பிலேயே வளர்ந்த தங்கை. கோயிலில் பெண்கள் பக்கத்திலிருந்து அவள் ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான் உறவு.

பெரிய பண்டிகையாகிய ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, நற்கருணை வாங்குகிறவர்கள் ஐயரிடம் பேர் கொடுக்கவேண்டும். ஐயர் ஒவ்வொருவரையும், "யாரோடாவது மனத்தாங்கல் உண்டா?" என்று கேட்பார். உண்டென்றால் நற்கருணைப் பந்தி இல்லை. சுவிசேஷமுத்து ஒன்பது வருஷமும் ஒரே பதில் சொன்னார்: "எனக்கு இல்லை ஐயா. அவனுக்கு உண்டோ என்னவோ." சாலமோனும் அட்சரம் பிசகாமல் அதையே சொல்லுவார். ஐயர் பெருமூச்சு விட்டு இரண்டு பேரையும் எழுதிக்கொள்வார்.

இப்படி இருந்த சுவிசேஷமுத்துவுக்கு ஒரு குறை இருந்தது. யாரிடமும் சொல்லாத குறை. விடியற்காலம் எழுந்து முழங்காலில் நின்றால், உள்ளே வெறும் பானையைத் தட்டினாற்போல் ஒரு சத்தம். வாய் முழங்கும், உள்ளே ஒரு எறும்புகூட அசையாது. சிறுவயதில் பனங்காட்டு ஒற்றையடிப் பாதையில் தனியாகப் போகும்போது ஆண்டவர் கூடவே வருகிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்த பிள்ளை அவர். அது எங்கே போயிற்று? எப்போது போயிற்று? அவருக்குத் தெரியவில்லை. தமக்குப் பலம் போதவில்லை, ஆவியின் பலம் வேண்டும் என்று முடிவுகட்டினார்.

அந்த மாசி மாதம் பாளையங்கோட்டையில் பெரிய பந்தல் போட்டு மூன்று நாள் கூட்டம் நடந்தது. ஆவிக்குரிய ஜீவியத்தை ஆழப்படுத்துகிற கூட்டம் என்று உபதேசியார் கோயிலில் வாசித்தார். சுவிசேஷமுத்து கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டார். பந்தலில் பத்தாயிரம் பேர். ஈர்க்கு நுழைய இடமில்லை. தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், காற்றடித்தால் பறந்துவிடுகிற மாதிரி மெலிந்தவர், எழுந்து நின்று சத்தமே போடாமல் பேசினார்.

"பலம் வேண்டும் என்று வந்திருக்கிறீர்கள். வயல் காய்ந்தால் எல்லாரும் அணையைத்தான் பார்க்கிறோம். அணையில் தண்ணீர் ததும்புகிறது. உங்கள் வயலுக்கு முன்னால் கிடக்கிற மடைப்பலகையைப் பார்த்தீர்களா? சொல்லவேண்டிய ஒரு சொல் உங்களுக்குள்ளே இருக்கும். அதை யாரிடம் சொல்லவேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். முதலில் அங்கே போங்கள்."

மடைப்பலகை என்ற சொல் காதில் விழுந்ததும் சுவிசேஷமுத்துவுக்கு ஒரு மத்தியானம் ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முந்தின கோடை. அன்றைக்குத் தண்ணீர் முறை சாலமோனுடையது. சாலமோன் மேலப்பாளையத்தில் காஜா முகைதீன் தறியில் சேலை எடுக்கப் போயிருந்தார். வாழையோ வெயிலில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. சுவிசேஷமுத்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மடைப்பலகையைத் தம் பக்கமாகத் தூக்கினார். ஒரு மத்தியானம் பூராவும்.

ஆக, சாலமோன் சொன்னது நிஜம்.

இந்த ஞாபகத்தை அவர் ஈயை விரட்டுவதுபோல் விரட்டினார். மனுஷ மனசின் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். பிரசங்கம் முடிவதற்குள் அவருடைய மடையை அடைத்துக்கொண்டு கிடக்கிற பலகை சாலமோன்தான் என்று அவருக்குத் தெளிவாக வெளிப்பட்டுவிட்டது. மூன்று குடம் கண்ணீர் வடித்துவிட்டு, பலம் கிடைத்துவிட்டது என்று ஊருக்குத் திரும்பினார்.

கிடைத்த பலத்தைப் பரீட்சை பண்ணவேண்டாமா? உபதேசியாரின் காளை வயிறு உப்பிப் படுத்துக் கிடந்தது. சுவிசேஷமுத்து அதன்மேல் கைவைத்து ஊரே அதிர ஜெபித்தார். காளை எழுந்தது. எழுந்த வேகத்தில் அவரைக் கொம்பில் வாரி வைக்கோற்போரின் உச்சியில் உட்காரவைத்தது. பலம் இறங்கினது வாஸ்தவம், இறங்கின இடம்தான் காளையாகப் போயிற்று என்று ஊர் பேசிக்கொண்டது. அந்த வாரம் சாலமோன், "ஆண்டவரே, உயரத்திலே உட்கார்ந்திருக்கிற மூப்பர்களைப் பத்திரமாக இறக்கிவிடும்" என்று ஜெபித்ததும், ஜன்னலுக்கு வெளியே பலவேசத்துக்குப் புரையேறினதும் தனிக்கதை.

பங்குனி பிறந்தது. ஈஸ்டருக்கு முந்தின திங்கட்கிழமை காலையில் சுவிசேஷமுத்து பழைய சோற்றில் கைவைத்தபோது, அவருடைய மனைவி இன்பமணி வெளியிலிருந்து ஓடிவந்தாள்.

"கேட்டியளா? யூனிசுக்கு விடியக்காலத்துல இருந்து வாந்தியும் பேதியுமாப் போகுது. கண்ணு ரெண்டும் உள்ள போயிட்டு."

அந்தக் கோடையில் அக்கம்பக்கத்து ஊர்களில் அந்த வியாதி வந்து வீட்டுக்கு ஒருவரைக் கொண்டுபோயிருந்தது. சுவிசேஷமுத்துவின் கை சோற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அண்ணனைக் கூப்பிடு, ஜெபம் பண்ணச் சொல்லுன்னு ரெண்டு தரம் சொல்லிட்டா" என்றாள் இன்பமணி. அவர் அசையாமல் இருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு வாய் வந்துவிட்டது. "போறியளா? இல்ல, புதன்கிழமை வரைக்கும் பொறுத்துக்கிடச் சொல்லட்டா?"

அவர் கையைக் கழுவாமலே எழுந்தார்.

எழுபத்திரண்டு தப்படி. பாளையங்கோட்டைக்கு நடந்துபோய்த் திரும்பினால்கூட அவ்வளவு கால் வலித்திருக்காது. வாசலில் தலையைக் குனிந்து நுழைந்தார். நார்க்கட்டிலில் யூனிஸ் கிடந்தாள். முகம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிப்போய், அவர் இடுப்பில் தூக்கித் திரிந்த காலத்து முகமாக இருந்தது. கால்மாட்டில் சாலமோன் உட்கார்ந்து அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, ஜெபம் பண்ணு" என்றாள் யூனிஸ். காற்றுதான் வந்தது, குரல் இல்லை.

சுவிசேஷமுத்து முழங்காலில் நின்றார். கண்ணை மூடினார். "சர்வவல்லமையுள்ள ஆண்டவரே!" கூரை ஓடு அதிர்ந்தது. "இந்த வீட்டுத் தலைவனாகிய சகோதரனுக்கு..."

நிறுத்திக்கொண்டார். மறுபடியும் ஆரம்பித்தார். "இரக்கமுள்ள பிதாவே, காலாகாலத்திலே ஆளனுப்பத் தெரியாத..."

மறுபடியும் நிறுத்தினார். வாய் பழகின மாடு மாதிரி அதே தொழுவத்துக்கே போயிற்று. மூன்றாவது தரம் வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமலே மூடினார். கண்ணை மூடினால் தெரிந்தது சாலமோனின் முகம். ஒன்பது வருஷமாக அந்த இடத்தில் அவர் வேறு யாரையும் வைக்கவில்லை. ஐந்நூறு புதன்கிழமைக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனை ஜெபமும் மூன்றாவது தூண்வரைக்கும் போய் அங்கேயே விழுந்திருந்தது. பனங்காட்டுப் பாதையில் கூட வந்தவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உலகத்தில் தமக்கு வேண்டிய ஒரே உயிர் கண்முன்னே போய்க்கொண்டிருக்க, கேட்க வழி தெரியாமல் நின்றார்.

கண்ணைத் திறந்தார்.

"மாப்பிள."

சாலமோன் திடுக்கிட்டார். கையிலிருந்த பாதம் நழுவினது.

"எனக்கு ஜெபம் வரல, மாப்பிள."

"என்ன மச்சான் சொல்லுதீரு? பீரங்கி மாதிரி முழங்குவீரே!"

"அதெல்லாம் உமக்கு முழங்கினது வே. அவருக்கு இல்ல. இப்ப அவருகிட்டப் பேசணும்னா நாக்கு புரளமாட்டேங்குது."

சாலமோன் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் காலையில இருந்து அதே கதைதான். வாயத் திறந்தா உம்ம வேலிதான் முன்னால வந்து நிக்குது."

சுவிசேஷமுத்து இரண்டு கையையும் தரையில் ஊன்றினார். சொல்லவேண்டிய சொல் தொண்டையில் ஏறி வந்தது. அது ஒரு சொல்லா? வைக்கோற்போர் உச்சியிலிருந்து குதிப்பது இதைவிடச் சுலபம்.

"அந்தத் தண்ணி உம்மதுதான். நீரு சேலை எடுக்கப் போன அன்னைக்கு மத்தியானம் நான்தான் பலகையைத் தூக்கினேன். நீரு சொன்னது நெசம். நெசமா இருந்ததாலதான் எனக்குப் பொறுக்கல."

"எனக்குத் தெரியும், மச்சான்."

"தெரியுமா?"

"என் நெல்லு வெடிச்சுக் கிடக்கு, உம்ம வாழை மட்டும் குளிச்சிட்டு வந்தாப்பல நிக்குது. தெரியாம இருக்குமா? நீரு ஒரு சிரிப்புச் சிரிச்சா விட்டிருலாம்னுதான் சொன்னேன். சனம் அம்புட்டும் சிரிக்கும்னு நினைக்கல. அப்புறம் வீம்பு வந்திட்டு. நானும் லேசுப்பட்டவன் இல்ல."

கட்டிலிலிருந்து யூனிசின் குரல் வந்தது. "சண்டையோ சமாதானமோ, பைய வச்சுக்கிடுங்க. எனக்கு வாய் வறளுது."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே செம்பைப் பிடித்தார்கள். கஞ்சித்தண்ணீரில் உப்பைப் போட்டுத் துணியில் நனைத்து அவள் உதட்டில் விட்டார்கள். வாந்தி எடுத்தாள். மறுபடி விட்டார்கள். வேதநாயகம் ஐயா மிஷன் மருந்துக்குப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பலவேசம் கூப்பிடாமலே எட்டு இளநீரை வெட்டிக்கொண்டுவந்து வாசலில் இறக்கினார். சுவிசேஷமுத்து அழுக்குத்துணியை வாரிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே பள்ளம் தோண்டிக் கொளுத்தினார். சபை மூப்பர், நாலு பேர் தார் சுமந்து பின்னால் வர நடந்த மனுஷன், அன்றைக்குப் பத்துத் தரம் அந்தப் பள்ளத்துக்கு நடந்தார்.

உச்சிவெயிலில் யூனிசின் கை ஜில்லிட்டது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக முழங்காலில் விழுந்தார்கள். அடுக்குமொழி ஒன்றும் வரவில்லை.

"ஆண்டவரே, யூனிஸ்" என்றார் சுவிசேஷமுத்து.

"ஆமா, யூனிஸ்" என்றார் சாலமோன்.

அவ்வளவுதான் ஜெபம். சக்கரவர்த்தி இல்லை, சீனா இல்லை. ஒரு கரண்டி கஞ்சித்தண்ணீர், ஒரு "யூனிஸ்". இன்னொரு கரண்டி, இன்னொரு "யூனிஸ்". ஆயிரம் தரம் சொல்லியிருப்பார்கள் என்று வேதநாயகம் ஐயா பிற்பாடு சொன்னார். உபதேசியார் அல்லவா, குறைத்துத்தான் சொல்லியிருப்பார். எத்தனையாவது கரண்டியில் என்று தெரியாது, சுவிசேஷமுத்துவுக்கு அறையில் தாங்கள் மூன்று பேர் மட்டும் இல்லை என்று பட்டது. பனங்காட்டில் பட்ட அதே மாதிரி. திரும்பிப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. பார்க்கவில்லை. கஞ்சி சிந்திவிடுமே.

வெயில் சாயும்போது யூனிசின் கையில் சூடு திரும்பினது. விளக்கு வைக்கிற நேரத்தில் கண்ணைத் திறந்து, "துவையல் இருக்கா?" என்றாள்.

அவளைப் பிழைக்க வைத்தது மருந்துக்குப்பியா, உப்புக் கஞ்சியா, பலவேசத்தின் இளநீரா, அந்த ஒற்றைச்சொல் ஜெபமா என்று மனரம்மியபுரத்தில் இன்னமும் தகராறு இருக்கிறது. சுவிசேஷமுத்து அந்தத் தகராறில் கலந்துகொள்ளவே இல்லை. அதே வாரம் இரண்டு தெரு தள்ளி, யூனிசைவிட நல்லவளாக ஒருத்தி, எல்லாரும் ஜெபித்தும் போய்விட்டாள். பலம் என்பது நினைத்ததைச் சாதிக்கிற சங்கதி இல்லை என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. பத்துத் தரம் பள்ளத்துக்கு நடக்க ஒரு பலம் வேண்டியிருந்தது. அது எங்கிருந்தோ வந்தது.

புதன்கிழமை வந்தது. சேதி பரவியிருந்ததால் நானூறு எண்ணூறாயிற்று. வாசலில் ஒன்பது வண்டிக்கு அச்சு முறிந்தது. சுவிசேஷமுத்துவும் சாலமோனும் மூன்றாவது தூணோரம் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சபைக்கு அதைப் பார்த்ததுமே பாதி ஏமாற்றம். சுவிசேஷமுத்துவின் முறை வந்தது. எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

"கண்ணைத் திறங்க" என்றார் அவர். "இது ஜெபம் இல்ல. இது உங்ககிட்டச் சொல்லவேண்டியது. உங்ககிட்டச் சொல்லவேண்டியதை ஆண்டவர் பேருல சொல்லிச் சொல்லி நான் கெட்டுப்போனேன்."

சபை கண்ணைத் திறந்தது.

"ஒன்பது வருஷத்துக்கு முந்தி நான் கொண்டாந்த தாரு, திருட்டுத் தண்ணியில வளர்ந்தது. எங்க மாப்பிள சொன்னது நெசம். நீங்க சிரிச்சது நியாயம். பந்தியில உக்காரும்போதெல்லாம் மனத்தாங்கல் இல்லைன்னு பொய் சொன்னேன். எல்லாரும் மன்னிச்சுக்கிடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கம் இன்பமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சுவிசேஷமுத்து இப்போது கண்ணை மூடினார். "ஆண்டவரே, யூனிசுக்காக ஸ்தோத்திரம். நாளைக்கும் எனக்கு நீர் வேணும். ஆமென்."

அவர் வாழ்நாளில் பண்ணின ஜெபங்களிலேயே அதுதான் சிறியது. ஒரு வண்டிக்காரர் அச்சைச் சரிபண்ணக்கூட நேரமில்லாமல், "இதுக்குத்தானா வே இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்று முணுமுணுத்தது உள்ளேவரைக்கும் கேட்டது.

கூட்டம் கலைந்தபின் ஜன்னலடியிலிருந்து பலவேசம் எழுந்து இடுப்பைத் தட்டிக்கொண்டார். "அப்பாடா! இனி நான் புதன்கிழமை வீட்டுல இருக்கலாம்."

"ஏன் வே?" என்றார் சுவிசேஷமுத்து.

"அன்னைக்கு மத்தியானம் நான் மடைக்கு மேற்க ஆலமரத்து நிழலுல படுத்துக் கிடந்தேன், அண்ணாச்சி. நீரு பலகையைத் தூக்கினதைப் பாத்தேன்."

"பாத்தீரா? அப்ப ஏன் சொல்லல?"

"நான் சொன்னா அது கோளு. நீரு சொன்னாத்தானே கணக்கு? அம்புட்டு ஜெபம் பண்ணுத மனுசன், ஒருநாள் இல்லாட்டா ஒருநாள் வாய் தவறியாவது அதைச் சொல்லிருவாருன்னு வாராவாரம் இங்கன குந்தியிருந்தேன். வெத்திலைக்கே ஒரு கொடிக்கால் அழிஞ்சுபோச்சு."

சனிக்கிழமை ஐயர் வந்தார். மேஜைமேல் பேரேட்டை விரித்து, சுவிசேஷமுத்துவைப் பார்த்து வழக்கம்போலக் கேட்டார்: "யாரோடாவது மனத்தாங்கல் உண்டா?"

"எனக்கு இல்லை ஐயா."

ஐயர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். பழைய பதிலில் இன்னொரு பாதி இருந்ததே. அது வரவில்லை என்று தெரிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பேரை எழுதினார்.

கதை இத்தோடு முடிந்தால் அழகாக இருக்கும். ஆனால் தண்ணீர் முறை என்று ஒன்று இருக்கிறதே. ஆனி மாதம் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தது. ஒருநாள் காலை சுவிசேஷமுத்து வயலுக்குப் போனால், தம் முறைத் தண்ணீர் சாலமோனின் நாற்றங்காலில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாழிகை முன்னாலேயே பலகை மாறியிருந்தது. அவருக்கு உச்சந்தலை கொதித்தது. பழக்கம் எங்கே போகும்? வரப்பிலேயே கண் தானாக மூடிக்கொண்டது. "சர்வவல்லமையுள்ள ஆண்டவரே, அந்தச் சகோதரன்..."

நிறுத்தினார். கண்ணைத் திறந்தார். பலம் எல்லாம் ஈஸ்டரோடு முடிந்துபோய், அன்றைக்குக் காலையில் முதலிலிருந்து கேட்கவேண்டியதாக இருந்தது. கேட்டார். கேட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தார். சாலமோன் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தார், எருமைகள் தலைநிமிர்ந்தன.

"ஏ மாப்பிள! வெளிய வாரும் வே! என் தண்ணி உம்ம நாத்துல என்ன செய்யுது?"

"உம்ம தண்ணியா? சூரியனைப் பாத்துச் சொல்லும் மச்சான், முறை முடிஞ்சிட்டா இல்லையான்னு!"

ஒரு நாழிகை நேரம் நேருக்கு நேர் சண்டை போட்டார்கள். தெருவே கூடினது. யூனிஸ் இரண்டு செம்பு நீர்மோரைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, "தொண்டை காயும், குடிச்சிட்டுச் சத்தம் போடுங்க" என்றாள். குடித்தார்கள். குடித்தபிறகு யாருடைய முறை எதில் நின்றது என்று இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று. பலவேசத்தைக் கூப்பிட்டு, பலகையை அவர் கையாலேயே மாற்றச் சொன்னார்கள்.

பலவேசம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். "இப்பத்தான் வே உங்க சண்டை சண்டையாட்டு இருக்கு."

அந்தப் புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள். வாசலில் ஒரு வண்டிக்கும் அச்சு முறியவில்லை. சுவிசேஷமுத்து சாலமோனின் பக்கத்தில் முழங்காலில் நின்று, அன்றைக்குச் சொல்லவேண்டியதைத் தமக்குமட்டும் கேட்கிற குரலில் ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று பக்கத்தில் இருந்த சாலமோனுக்கே தெரியாது.